கோரைக்குள் குச்சி மீன்

என் அப்பாவுக்கு ஓர் இடத்தில் இருப்புக்கொள்ளாது. சாப்பாட்டுக்கு நடுவில் எழுந்து வாசலுக்குப் போவார், வருவார். "கால்ல சக்கரமா கட்டியிருக்கு?" என்று அம்மா திட்டுவாள். ஜப்பான்காரன் வந்து, ஜாலான் பெண்டஹாரா தெருவில் அவர் வேலை பார்த்த மளிகைக் கடை மூடிய பிறகு இன்னும் மோசம். சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடிக்கும் லோரி நாங்கள் குடியிருந்த காஜா பேராங் பக்கம் வர ஆரம்பித்ததும் கேட்கவே வேண்டாம்.

வீட்டுக்குப் பின்னால் ஓர் ஓடை. கரையோரம் கோரையும் கங்குங் கீரையும் மண்டிக் கிடக்கும். கீரை பறிக்கப் போகும்போது கூடையை நீருக்குள் விட்டு அள்ளுவேன். இறால் குஞ்சு கிடைத்தால் மரவள்ளிக்கிழங்குக்குத் துணையாகும். சில நாள் குச்சி மீன்தான் வரும். பென்சில் போல உடம்பு, குழாய் போல வாய், தோலுக்கடியில் வளையம் வளையமாக எலும்பு. தின்ன ஒன்றுமில்லை. எரிச்சலோடு திரும்ப எறிவேன்.

ஆனாலும் பார்த்துக்கொண்டிருக்கப் பிடிக்கும். முதுகில் ஒரு சின்னத் துடுப்பு படபடக்கும், நீச்சல் அவ்வளவுதான். மற்ற மீன்கள் நிழல் பட்டாலே ஓடும். இது கோரைத் தண்டோடு தண்டாக நின்றுவிடும். பூச்சி வாயருகே வந்தால் உறிஞ்சிக்கொள்ளும். அசைந்தால்தான் அகப்படும். ஒரு முறை அகப்பட்டதன் வயிற்றில் முட்டைகள் வரிசையாக ஒட்டியிருந்தன. பாவம், பிள்ளைத்தாய்ச்சி என்று மெதுவாக விட்டேன். அந்த மீனில் முட்டை சுமப்பது ஆண் என்று வெகுகாலம் கழித்து, என் மகன் மீன் தொட்டி வைத்தபோதுதான் தெரிந்தது.

லோரி சத்தம் கேட்டால் அப்பா ஓடைக்குள் இறங்கி, கோரை நடுவே கழுத்தளவு நீரில் நிற்க வேண்டும். அதுதான் ஏற்பாடு. அவரோ சத்தம் அடங்குமுன்பே எட்டிப் பார்ப்பார். எனக்குக் கோபம் கோபமாக வரும். "அந்தக் குச்சி மீனுக்கு இருக்கிற அறிவு ஒங்களுக்கு இல்லப்பா" என்றேன் ஒரு நாள். அம்மா முதுகில் ஒன்று வைத்தாள். அப்பா சிரித்தார்.

ஒரு மத்தியானம், வேலிக்கு அப்பால் இருந்த செட்டி வீட்டம்மா "லோரி, லோரி" என்றார். அந்தச் செட்டிகள் தலைமுறை தலைமுறையாக மலாய்தான் பேசுவார்கள், அவருக்குத் தமிழ் வராது, அந்தச் சொல் போதும். அப்பா பின்பக்கம் ஓடினார். ஒரு சிப்பாயும் அவனுக்கு வழிகாட்டி வந்த தமிழ் ஆளும் நுழைந்தார்கள்.

"ஆம்பள எங்க?"

"முந்தியே சயாமுக்குப் போயிட்டாரு" என்றாள் அம்மா.

சிப்பாய் கட்டிலைப் புரட்டினான். தொட்டிலில் கிடந்த தம்பி வீறிட்டான். அம்மா தூக்கப் போனாள். தமிழ் ஆள் குறுக்கே நின்றான்.

"அழட்டும்" என்றான், பின்வாசலைப் பார்த்தபடி. "புள்ள அழுதா அப்பன் வருவான்."

தம்பி மூச்சுத் திணற அழுதான். அவன் சிணுங்கினாலே அப்பாவுக்குத் தாங்காது, தோளில் போட்டுக்கொண்டு நடப்பார். வந்துவிடுவார் என்றே நினைத்தேன். கோரை அசையவில்லை.

லோரி போய்விட்டது. அப்பா வரவில்லை. ஓடிப் போய்ப் பார்த்தேன். கழுத்தில் அட்டை ஒட்டியிருக்க, கண்ணைத் திறந்தபடி நின்றார். கூப்பிட்டும் அசையவில்லை. நீரில் இறங்கிக் கையைப் பிடித்து, "போயிட்டாங்கப்பா" என்றேன். பிறகுதான் அழுதார்.

ஜப்பான்காரன் போனான், கடை திறந்தது, தம்பி வளர்ந்தான். ஆனால் தெருவில் லோரி வந்து நின்றால் அப்பா சோற்றில் வைத்த கையோடு அப்படியே இருந்துவிடுவார். தம்பி கேலி செய்வான். அவனை ஓங்கி அறையலாம் போல வரும் எனக்கு. அப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்து, "போயிட்டாங்கப்பா" என்பேன். அதற்குப் பிறகுதான் அடுத்த கவளம் எடுப்பார்.