அப்பாவின் இடது பக்கம்

எழுபதுகளின் கடைசியில், சாமை அறுப்பு முடிந்த கையோடு, அப்பாவைப் பக்கவாதம் சாய்த்தது. போர்வையைக் கழியில் தூளி கட்டி மலையிறக்கினார்கள். மலைக்குக் கீழே ஆலங்காயத்தில் கட்டிக்கொடுக்கப்பட்டிருந்த நான் ஆஸ்பத்திரியில்தான் அவரைப் பார்த்தேன். இருபது நாள் கழித்துத் திருப்பி அனுப்பியபோது, புருஷனிடம் சொல்லிவிட்டு நானும் கூடவே மலையேறினேன்.

இடது கையும் காலும் விழுந்துவிட்டன. அது மட்டுமென்றால் பரவாயில்லை. இடது பக்கமே அவருக்கு இல்லாமல் போயிருந்தது. கண்ணில் பழுதில்லை. உலகத்துக்கு அப்படியொரு பக்கம் உண்டு என்பதே அவர் நினைவில் இல்லை, அவ்வளவுதான்.

கிளம்பும்போது நர்ஸம்மா என்னை ஓரமாக அழைத்துச் சொன்னார்: "வலப்பக்கம் செவுரு இருக்கட்டும். சோறு, தண்ணி, பேச்சு, எல்லாம் இடப்பக்கத்துலேர்ந்தே வரணும். அவரா கழுத்தத் திருப்பித் தேடணும். பாவம் பாத்து நீ அந்தப் பக்கம் போனா, அவர் திரும்பவே மாட்டார்."

அப்படியே கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போட்டோம். களித்தட்டை வைத்தால் வலது பாதியைத் தின்றுவிட்டுக் கத்துவார்.

"அர வவுத்துக்குப் போடறியே, உங்கப்பன் வூட்டு சாமையா இது?"

அம்மா தட்டை அரைவட்டம் திருப்பி வைப்பாள்.

"ஆங், இப்பதான் புத்தி வந்துது."

முதல் தடவை சிரித்தோம். அதுதான் கடைசிச் சிரிப்பு என்று நினைக்கிறேன்.

பகலெல்லாம் அவருடைய இடப்பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். மடங்கிய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிப்பேன், எண்ணெய் தடவுவேன், புண் வராமல் புரட்டிப் போடுவேன், பீ மூத்திரம் துடைப்பேன். என் கைக்குள் கிடக்கும் கை அவருக்குத் தெரியாது. "நைனா" என்று கூப்பிட்டால் சுவரைப் பார்ப்பார். சுவருக்கு வெளியே நின்று கூப்பிடுகிறேன் என்று நினைத்துக்கொள்வார். "பொண்ணு வெளில நிக்குது, உள்ள வரச் சொல்லு," என்று சுவரிடம் கெஞ்சுவார்.

உள்ளேதான் இருந்தேன். ஒரு முழத் தூரத்தில் இருந்தேன்.

மூன்றாவது வாரம் அவர் கழுத்து அசைந்தது. எந்நேரமும் சுவரிலேயே கிடந்த முகம் கூரைக்கு நேராக வந்து நின்றது. இன்னும் நாலு விரற்கடை. அது திரும்பினால் நான் இருப்பேன், என்னோடு அந்தக் கையும் இருக்கும். "நைனா, இந்தாண்ட, இந்தாண்ட," என்றேன். கண்மணி ஓரம்வரை வந்து, திரும்பிப் போய்விட்டது.

மறுநாள் நெல்லிவாசலிலிருந்து அத்தை வந்தாள். தம்பியின் காலடியில் உட்கார்ந்து அழுதாள். அப்பா அவளிடம் சொன்னார்: "கீழ கட்டிக் குடுத்தது தப்பாப் போச்சுக்கா. பெத்த பொண்ணு எட்டிக்கூடப் பாக்கல."

அத்தை என்னை முறைத்தாள். "இன்னாடி இது? ஊமைக் கணக்கா குந்தினு கீற. அந்தாண்ட போய் மூஞ்சியக் காட்டேன்."

"போவக் கூடாதுன்னு நர்ஸம்மா சொல்லிக்கீறாங்க அத்தே."

"அந்த நர்ஸம்மாவுக்கு அப்பன் கீறானா, இல்லியா?"

என்னால் முடியவில்லை. கட்டிலை இழுத்தேன். சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவில் நுழைந்து நின்றேன்.

அப்பாவின் முகம் கோணலாக மலர்ந்தது. "எப்பக் கண்ணு வந்த?"

"இப்பதான் நைனா."

நல்ல கையால் என் தலையைத் தடவினார். அன்று தட்டைத் திருப்ப விடாமல் நானே ஊட்டினேன். அதற்குப் பிறகு நான் இடம் மாறவில்லை. அவர் முகம் பழையபடி சுவரை நோக்கித் திரும்பிக்கொண்டது, அங்கே நான் இருந்தேன். கூரைக்கு நேராகக்கூட அது மறுபடி வரவில்லை. மாத்திரை வாங்க இறங்கியபோது நர்ஸம்மாவிடம் சொன்னேன். "அந்தப் பக்கம் போய்ட்டியா," என்றார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

நாலு வருஷம் இருந்தார். நடக்கவில்லை. இடது கை முட்டியாக இறுகி, நகம் உள்ளங்கையில் ஏறியது. புருஷன் வீட்டுக்குத் திரும்பிவிட்ட நான் மாதம் ஒரு தடவை மலையேறிப் போய் முட்டியைப் பிரித்து, நகம் வெட்டி, சீழைத் துடைத்து, துணிச் சுருள் வைப்பேன். அதற்கு மட்டும் இடப்பக்கம் வர வேண்டியிருக்கும்.

அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் அம்மாவைக் கேட்டுவிடுவார்: "பொண்ணு போய்ட்டாளா? சொல்லாமயே போய்ட்டாளே."