கொழுப்புன்னு சொன்ன டாக்டரு

எங்க வூட்ல எல்லாருக்கும் கொழுப்பு. நான் சொல்லல, தாம்பரம் மார்க்கெட்டே சொல்லும். மூணாங் கிளாஸ்ல என்னைத் தொரத்தின வாத்தியாரும் அதைத்தான் சொன்னாரு. படிப்பு ஏறல, வாய் மட்டும் நீண்டுகினே போச்சு.

ஆனா அது கண்ணு மேலயே உக்காரும்னு யாருக்குத் தெரியும்? எங்கப்பாவுக்கு ரெண்டு இமையிலயும் மூக்கோரமா மஞ்சளா மெழுகு ஊத்தின மாதிரி இருக்கும். நாப்பது வயசு தாண்டல, நெஞ்சைப் புடிச்சிகினு போய்ட்டாரு. வாயுன்னு சொன்னாங்க.

அதே மஞ்சள் எங்கண்ணனுக்கும் வந்துச்சு. வெரல் முட்டியில கட்டி, குதிகாலுக்குப் பின்னாடி நரம்பு கயிறாட்டம் தடிச்சி. பாத்தாலே கொமட்டும். எனக்கும் குதிகால்ல அதே கண்றாவி கீது, அதனால நாக்க அடக்கிக்குவேன்.

ஸ்டேஷன் எதிர்ல அண்ணன் தள்ளுவண்டி வச்சிருந்தான். ஆட்டு மூளை, ஈரல் வறுவல். சட்டி, தட்டு கழுவுறது நானு. ஆறிப்போன சட்டியில கொழுப்பு வெள்ளையா ஒறைஞ்சி கெடக்கும். நகத்தால சொரண்டணும். எவ்ளோ சோப்பு போட்டாலும் அந்த வாடை போவாது, த்தூ.

ஒரு நாள் ரயில்வே பிரிட்ஜ் படியில பாதி ஏறின அண்ணன் நெஞ்ச புடிச்சிகினு உக்காந்துட்டான். ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போனேன். டாக்டர் இமையப் பாத்தாரு, குதிகால அமுக்கினாரு, அப்பா எப்டி செத்தாருன்னு கேட்டாரு. ரத்தம் எடுத்து, ஒரு வாரம் கழிச்சி வரச் சொன்னாரு. போனோம்.

"உங்க குடும்பத்துக்கே கொழுப்பு ஜாஸ்திப்பா. அப்பா கிட்டேர்ந்து வந்திருக்கு."

அண்ணன் எழுந்துட்டான். "என்னை இன்னா வேணா சொல்லு சார். செத்துப்போன அப்பன இழுக்காத."

விறுவிறுன்னு வெளிய போய்ட்டான். டாக்டர் என்னை நிறுத்தி பொறுமையா சொன்னாரு. திமிர சொல்லலப்பா, ரத்தத்துல ஓடுற கொழுப்ப சொன்னேன், பரம்பரையா வர்றது, மாத்திரை ஆரம்பிக்கணும், மூளை, முட்டை மஞ்சக்கரு கூடவே கூடாது, அவனுக்கு எடுத்துச் சொல்லு, நீயும் வந்து ரத்தம் குடு.

எடுத்துச் சொன்னேனா? பஸ்ல ஏறினதுமே ஆரம்பிச்சேன். "ணா, டாக்டரே கண்டுபுடிச்சிட்டாரு. உனக்கு திமிரு ரத்தத்துலயே ஓடுதாம்." மறுநாள் வண்டிகிட்ட நின்னவங்களுக்கெல்லாம் அவரு மாதிரியே இல்லாத கண்ணாடிய மூக்குல எறக்கி நடிச்சுக் காட்டினேன். நல்லா சிரிச்சாங்க. விஷயத்த அப்புறமா சொல்லிக்கலாம்னு இருந்துட்டேன்.

அண்ணன் எல்லார் எதிர்லயும் ஒரு தட்டு மூளை வறுவலப் போட்டுத் தின்னான். "எனக்கு கொழுப்பாம், பாத்துக்கோங்கடா." அந்தத் தட்ட நீட்டினது நான்தான். ஆஸ்பத்திரிப் பக்கம் அவன் திரும்பவே இல்ல.

ரெண்டு மாசம் கழிச்சி அதே பிரிட்ஜ், அதே படி. இந்தவாட்டி எழுந்துக்கல.

காரியம் முடிஞ்சி வந்து வண்டிய தெறந்தேன். அவன் கடைசியா தாளிச்ச சட்டி அப்டியே இருந்துச்சு, கொழுப்பு ஒறைஞ்சி, மேல ஈ செத்து ஒட்டிகினு. சொரண்டினேன். சொரண்டிகினே வாந்தி எடுத்தேன். வந்தது சட்டியப் பாத்தா, என் வாய நெனச்சான்னு தெரியல.

அடுத்த நாள் தனியா டாக்டர் கிட்ட போனேன். என் மூஞ்சி ஞாபகம் இருந்துச்சு அவருக்கு.

"அண்ணன் வரலையா?"

ஊருக்கே பதில் சொல்ற வாய் இது. சட்டைக்கைய சுருட்டி, ரத்தம் எடுக்க கைய நீட்டினேன்.