மார்ச்சில் வந்த பிறந்தநாள்

நான் பிறந்தது ஜூலையில். குவைத்தில் ஜூலை என்றால் நாங்கள் குடியிருந்த மங்காஃப் ஏரியா பாதி காலி. என் வகுப்புப் பிள்ளைகள் எல்லாம் லீவுக்கு ஊருக்குப் போயிருப்பார்கள். அதனால் பிறந்தநாள் விருந்து என்று எனக்கு ஒன்று நடந்ததே இல்லை. ஒன்பதாவது மட்டும் நான்கு மாதம் முன்கூட்டி, மார்ச்சில் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் நடந்தது. நான் கேட்டு நடக்கவில்லை. எங்கள் தமிழ் மன்றத்துக்குத் தலைவர் தேர்தல் வந்ததால் நடந்தது.

மன்றத்தில் இரண்டு அணிகள். அப்பா இருந்த அணியிலிருந்து தலைவர் பதவிக்கு ஒருவர்தான் நிற்கலாம்; ஆசைப்பட்டவர்களோ இருவர். ஒருவர் அப்பாவின் ஆபீஸ் மேனேஜர். பொங்கல் விழா மேடையில் நடு நாற்காலி தனக்கென்றே செய்யப்பட்டது என்று நம்பியவர். இன்னொருவர் எங்கள் பில்டிங்குக்குக் கீழே மளிகைக்கடை வைத்திருந்த கடை மாமா, கீழக்கரைக்காரர். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த பத்து நாளும் எனக்கு மூன்று வேளைச் சாப்பாடு அவர் வீட்டிலிருந்துதான் வந்தது. கூலி ஆட்கள் தங்கும் கேம்ப்பில் யாராவது இறந்துபோனால் உடலை ஊருக்கு அனுப்ப ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்குகிறவரும் அவர்தான். அந்தக் கேம்ப் ஆட்களையும் மன்றத்தில் சேர்க்கவேண்டும் என்றுதான் நிற்க வந்தார். அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "என் ஓட்டு உங்களுக்குத்தான் பாய்" என்று சொன்னபோது நான் பக்கத்தில் நின்று சிப்ஸ் தின்றுகொண்டிருந்தேன்.

யாரை நிறுத்துவது என்று முதலில் அணிக்குள்ளேயே ஓட்டுப் போட்டுப் பார்ப்பதாக ஏற்பாடு. இருபத்தொரு பேர் கூட ஓர் இடம் வேண்டும். அனுமதியில்லாத கூட்டம் என்று தெரிந்தால் பில்டிங் காவல்காரர் மேலே வந்து துருவித் துருவிக் கேட்பார். பிறந்தநாள் என்றால் ஒரு துண்டு கேக்கோடு போய்விடுவார். ஆக, எனக்குப் பிறந்தநாள் வந்துவிட்டது.

அந்த வாரம் முழுக்க வீட்டில் யாருக்கும் இருப்புக்கொள்ளவில்லை. அப்பா ஏசியைக் கூட்டுவார், குறைப்பார், பால்கனிக்குப் போவார், போன வேகத்தில் திரும்பி வருவார். ஒருநாள் சமையலறையில் அவர் அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"கார்ல வரும்போது மேனேஜர் சொல்றார், உன் வேலை ரினீவல் பேப்பர் என் டேபிள்லதான் இருக்கு, வெள்ளிக்கிழமை முடியட்டும் பார்க்கலாம்னு."

"பாய்க்கு வாக்குக் குடுத்துட்டீங்களே" என்றாள் அம்மா.

அப்பா குழாயைத் திறந்து திறந்து மூடினார். எனக்கு அதெல்லாம் எங்கே ஏறியது? கேக் சாக்லேட்டா வெனிலாவா என்பதுதான் என் கவலை.

கடைசியில் வெனிலா. மெழுகுவர்த்தியை நான் ஊதி முடிப்பதற்குள் சீட்டு விநியோகம் தொடங்கிவிட்டது. எனக்கு வந்த பரிசு ஒன்றை என்னைக் கேட்காமலே யாரோ பிரித்து, பொம்மையை வெளியே போட்டுவிட்டு, பெட்டியில் ஓட்டை போட்டு ஓட்டுப்பெட்டி ஆக்கினார்கள். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. எல்லோரும் எழுதிப் போட்ட பிறகு, யார் எண்ணுவது என்று இழுபறி. ஒரு தரப்பு சொன்ன ஆளை மறுதரப்பு நம்பவில்லை.

"பொறந்தநாள் புள்ள வாசிக்கட்டுமே. அதுக்கு எந்தக் கட்சியும் இல்ல" என்றார் கடை மாமா.

அப்பா சட்டென்று எழுந்தார். "வேண்டாம் பாய். அவளுக்குத் தமிழ் வாசிக்க வராது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பள்ளிக்கூடத்தில் தமிழ் கிடையாது என்று வெள்ளிக்கிழமை தவறாமல் அப்பாவே கற்றுக்கொடுத்தார். நோட்டில் அவர் எழுதித்தர, அதன் மேலேயே நான் எழுதிப் பழகுவேன். சரியாக இருந்தால் ஒரு ஸ்டார். வந்தவர் போனவரிடமெல்லாம் "என் பொண்ணு தமிழ் பேப்பர் வாசிப்பா" என்று பீற்றிக்கொண்ட மனிதர், ஊர் கூடிய இடத்தில் இப்படிக் காலை வாருகிறார். அழுகை முட்டியது. "எனக்கு வரும்" என்று கத்திவிட்டுப் பெட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். எல்லோரும் சிரித்தார்கள். மேனேஜரும், "படிக்கட்டும் விடுப்பா" என்றார்.

தமிழ் மன்றம்தான், ஆனால் பாதிச் சீட்டு இங்கிலீஷில். சளைக்காமல் படித்தேன். பதினான்காவதோ பதினைந்தாவதோ, பிரித்ததும் தெரிந்துவிட்டது. ஸ்கேல் வைத்து வரைந்ததுபோல் நேரான எழுத்து, கீழே ஒரு கோடு. வாராவாரம் நான் மேலே எழுதிப் பழகிய அப்பாவின் கையெழுத்து. ஆனால் எழுதியிருந்தது மேனேஜரின் பெயர்.

நிமிர்ந்து பார்த்தேன். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், அவசரத்தில் தப்பாக எழுதிவிட்டார் என்றுதான் நினைத்தேன். நான் தப்பு செய்தால் அவர் திருத்துகிறார். அவர் செய்தால் நான் திருத்தக்கூடாதா? கடை மாமாவின் பெயரை உரக்கப் படித்தேன்.

முடிவில் கடை மாமாவுக்குப் பதினொன்று, மேனேஜருக்குப் பத்து. மேனேஜரின் முகம் கறுத்தது. "சின்னப் புள்ள படிச்சது. நீ ஒருதடவை சரிபாரு" என்று பெட்டியை அப்பாவிடம் நகர்த்தினார். அப்பாவைத் தன் ஆள் என்று நினைத்துத்தான் கொடுத்திருக்கவேண்டும்.

அப்பா சீட்டுகளைப் பிரித்து இரண்டு குவியலாக வைத்துக்கொண்டே வந்தார். ஒரு சீட்டில் கை நின்றது. என்னைப் பார்த்தார். பிறகு, பிள்ளைகளுக்குக் கப்பில் பெப்சி ஊற்றிக்கொண்டிருந்த கடை மாமாவைப் பார்த்தார். அந்தச் சீட்டைக் கவிழ்த்துக் கடை மாமாவின் குவியலில் வைத்தார்.

"சரியாத்தான் சார் இருக்கு" என்றார். சீட்டுகளை மொத்தமாக அள்ளி, எச்சில் தட்டுகளோடு குப்பைப் பையில் போட்டுக் கட்டினார். மேனேஜர் கேக் சாப்பிடாமலே போய்விட்டார்.

ஏப்ரலில் கடை மாமா மன்றத்துக்குத் தலைவரானார். அப்பாவுக்கு ரினீவல் வரவில்லை. ஜூன் மாதம் கிளம்பினோம். லீவுக்குப் போகிறோம் என்றுதான் என்னிடம் சொன்னார்கள். கார்கோவில் இந்தத் தடவை ஏன் இத்தனை பெட்டி என்று கேட்டதற்கு அம்மா வள்ளென்று விழுந்தாள். ஏர்போர்ட்டுக்குக் கடை மாமாதான் கொண்டுவந்து விட்டார். என் தலையில் கை வைத்து, "ஒங்க வாப்பா சொன்ன சொல்லக் காப்பாத்துன மனுசன்மா. அத மறந்துராதே" என்றார். அப்பா பெட்டியைத் தள்ளிக்கொண்டு வேகமாக முன்னால் போய்விட்டார்.

விமானத்தில் அவர் பெல்ட்டை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தார். எனக்கு அதற்குமேல் வாயை அடக்க முடியவில்லை. அன்றைக்கு அவர் தப்பாக எழுதியதையும் நான் மாற்றிப் படித்ததையும் காதோடு சொன்னேன்.

"தெரியும். நீ சரியாத்தான் படிச்சே" என்றார்.

"அப்ப ஸ்டார்?"

நோட்டு கார்கோவில் போய்விட்டது என்றார். பரவாயில்லை, லீவு முடிந்து திரும்பி வந்ததும் போடுங்கள் என்றேன். சரி என்றார்.