எங்கள் தெருவுக்கு ஒரு ஞாயிறு

இரண்டாயிரமாவது ஆண்டு பிறப்பதற்குச் சில நாட்கள் முன்னால் ரோமாபுரியில் பாப்பரசர் ஒரு கதவைத் திறந்து வைத்தார். இருபத்தைந்து வருஷத்துக்கு ஒருமுறை வரும் யூபிலி ஆண்டு முழுவதும் அது திறந்திருக்கும். சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்து, பூசையில் நன்மை அப்பம் வாங்கி, அதன் வழியாக நடந்தால் பரிபூரண பலன் உண்டு, பாவத்துக்கான தண்டனை முழுதும் தீரும். அந்தப் பலனை இறந்தவர்களுக்கும் ஒப்புக்கொடுக்கலாம். அவ்வளவு தூரம் போக வழியில்லாதவர்களுக்காக இங்கேயும் சில கோயில்களைக் குறித்துக் கொடுத்தார்கள். செங்கல்பட்டுக்கும் மகாபலிபுரத்துக்கும் நடுவில் இருக்கும் எங்கள் மாதா கோயில் அதில் ஒன்று.

அப்போது நான் கல்பாக்கத்தில் டைப்பிஸ்ட். பாப்பரசரின் தேசமே நம் கல்பாக்கம் குடியிருப்பைவிடச் சின்னது என்று ஆபீசில் ஒருவர் சொன்னார். அத்தனூண்டு இடத்தில் ஒருவர் கதவைத் திறந்ததற்கு எங்கள் ஊர்ப் பெரிய மனிதர்களுக்குத் தூக்கம் கெட்டது. எங்கள் கோயிலில் பெரிய வாசல் ஊர்த் தெருக்காரர்களுக்கு. காலனிக்காரர்களான நாங்கள் தெற்குப் பக்கத்துச் சின்ன வாசலில் வருவோம். எங்கேயும் எழுதி வைத்ததில்லை, எழுதியிருந்தால் அழித்திருப்போம். ஒரே மாதா, ஒரே சாமியார், இரண்டு வாசல். இப்போது பெரிய வாசலில் நடந்தால்தான் பலன் என்றாகிவிட்டது.

கோயில் நிர்வாகம் பார்க்கும் பங்குப் பேரவை கூடி ஒரு வழி கண்டுபிடித்தது. ஒரு ஞாயிறுக்கு ஒரு தெரு. பட்டியலில் எங்கள் தெரு கடைசி. அதைக் கோயில் பலகையில் ஒட்டியபோது யாருக்கும் வெட்கமாக இல்லை.

எனக்கு அந்தக் கதவு வேண்டியிருக்கவில்லை. அம்மாவுக்கு வேண்டியிருந்தது. அதற்கு ஒரு வருஷம் முன்னால் மகாபலிபுரம் ரோட்டில் தம்பியின் பைக்கை லாரி அடித்துப்போட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. சாகும் நேரத்து அவஸ்தை எண்ணெயைச் சாமியார் வந்து பூசுவதற்கு நேரமில்லை. பூசாமல் செத்தவன், மோட்சம் போகுமுன் பாவம் கழிக்கும் உத்தரிக்கிற ஸ்தலத்து நெருப்பில் கிடந்து வேகிறான் என்பதில் அம்மாவுக்குச் சந்தேகமே இல்லை. அடுப்பு பற்றவைக்கும்போதெல்லாம் அழுவாள். அந்த நெருப்பிலிருந்து அவனை வெளியே எடுக்க அவளுக்கு ஒரு வாசல் கிடைத்திருந்தது.

எங்கள் முறை வந்தபோது ஈஸ்டர் பாஸ்கா வந்துவிட்டது என்றார்கள். பிறகு மாதா திருவிழா. பிறகு பந்தல் நனைந்துவிட்டது. இதற்குள் ஊர்த் தெருக்காரர்கள் இரண்டாம் சுற்று நடக்கத் தொடங்கி, மாமனார், மாமியார், சின்ன மாமியார் என்று வரிசையாக மோட்சத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் ஜனவரி மாதத்து முதல் ஞாயிறு எங்களுக்கு என்று அறிவித்தார்கள். அம்மா வெள்ளைப் புடவையைத் துவைத்துக் கஞ்சி போட்டாள்.

அந்த ஞாயிறுக்கு முந்தின வெள்ளிக்கிழமை ஆபீசில் பேப்பர் பார்த்தேன். மூவிராசாக்கள் திருநாளான சனிக்கிழமை பாப்பரசர் கதவை மூடுகிறார் என்று போட்டிருந்தது. அதோடு யூபிலி முடிந்தது. எங்கள் ஞாயிறு அதற்கு மறுநாள்.

பஸ்ஸை விட்டு இறங்கி நேராகச் சாமியார் பங்களாவுக்குப் போனேன். அம்மாவை மட்டுமாவது அன்றைக்கே நடக்கவிடுங்கள் என்று கேட்டேன்.

"நம்ம பங்குல மூவிராசா திருநாளை ஞாயித்துக்கிழமைதானேம்மா கொண்டாடுறோம்? பலன் இருக்கும்" என்றார்.

"நிச்சயமா இருக்குமா சாமி?"

"நம்பிக்கைதாம்மா முக்கியம்."

"அப்போ ஊர்த் தெருவுக்கு மட்டும் எதுக்கு யூபிலிக்குள்ள தேதி பாத்தீங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பெரிய வாசல் சாவி பேரவைத் தலைவரிடம் இருக்கிறது என்றார். பூசை வைக்கிறவரிடம் கோயில் சாவி இல்லை என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

தலைவர் வீட்டு வாசலில் நின்றே பேசினேன். உள்ளே கூப்பிடவில்லை.

"வருசம் பூரா பொறுத்துகினு இருந்தீங்க. ரெண்டு நாள்ல இன்னா கெட்டுப் பூடப் போவுது?" என்றார்.

"நாளைக்கு அங்க மூடிடுவாங்க."

"அங்க மூடினா மூடட்டும். இது நம்ம கதவு."

அந்த 'நம்ம'வில் நான் இல்லை, அம்மா இல்லை, செத்துப்போன தம்பியும் இல்லை. வாயில் வந்ததைச் சொல்லியிருப்பேன். சொன்னால் ஞாயிறும் இல்லாமல் செய்துவிடுவார் என்று பயந்து திரும்பினேன். அந்தப் பயத்துக்காக இன்னும் என் மேலேயே எனக்குக் கோபம்.

சனிக்கிழமை சாயங்காலச் செய்தியில் காட்டினார்கள். வயதான பாப்பரசர் இரண்டு கதவுகளையும் இழுத்துச் சாத்தினார். அம்மா அப்போது வீட்டில் இல்லை. பாவசங்கீர்த்தனம் செய்யக் கோயிலுக்குப் போயிருந்தாள். கதவு மூடியதை நான் அவளிடம் சொல்லவில்லை.

மறுநாள் எங்கள் தெரு நடந்தது. ஊர்ப் பெண்கள் பெரும்பாலும் அன்றைக்குப் பூசைக்கே வரவில்லை. அம்மா நிலைக்கட்டையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, தம்பி பெயரை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே உள்ளே போனாள். அறுபது வயதில் முதல்முறையாக அந்த வாசலில். எங்கள் கடைசி ஆள் நுழைந்ததும் தலைவர் கதவைச் சாத்தச் சொன்னார். அடுத்த ஞாயிறிலிருந்து தெற்கு வாசல்.

வீட்டுக்கு வரும் வழியில் அம்மா கேட்டாள்: "இன்னாடி, பலன் கெடைச்சிருக்குமா? நீதான் பேப்பர்லாம் படிக்கிறவ. சொல்லு."

"கெடைச்சிடுச்சும்மா. அவன் மோட்சம் போயாச்சு."

ரோட்டிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்படி அவள் சிரித்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

அன்றோடு தம்பிக்காக ஜெபிப்பதை நிறுத்திவிட்டாள். "மோட்சத்துல கீறவனுக்கு இன்னாத்துக்குடி ஜெபம்? இனிமே அவன் நமக்கு வேண்டிக்குவான்" என்றாள். நன்றாகச் சாப்பிட்டாள், தூங்கினாள்.

எனக்கு உத்தரிக்கிற ஸ்தலத்தில் பாதி நம்பிக்கைகூடக் கிடையாது. ஆனால் அப்படி ஓர் இடம் இருந்துவிட்டால் தம்பி இன்னும் அங்கேதான் இருக்கிறான். அவனுக்காக வேண்டிக்கொண்டிருந்த ஒரே ஆளையும் நான் ஒரு வார்த்தையில் நிறுத்திவிட்டேன். அதனால் திங்கட்கிழமை கல்பாக்கம் பஸ்ஸில் ஐம்பத்து மூன்று மணி ஜெபமாலையை நான் சொல்லத் தொடங்கினேன், விரலில் எண்ணி, யாருக்கும் தெரியாமல். இன்றுவரை விடவில்லை. நடுவில் பேரவைத் தலைவரின் முகம் வந்துவிடும், வாய்க்குள்ளேயே சபிப்பேன், எண்ணிக்கை தவறிவிடும். மறுபடி முதலிலிருந்து தொடங்குவேன்.