சின்ன மாப்பிள்ளையின் தொட்டி

துணிக்கடையில் அவருக்குப் பெயர் பொம்மை சார். மூன்று மாடிக் கடையின் முகப்பில் ஆறு கண்ணாடி அறைகள். அவற்றுக்குள் நிற்கும் பொம்மைகளுக்குச் சட்டை மாட்டி, கையை மடக்கி, கழுத்தைத் திருப்பி, நாற்காலி, விளக்கு, காகித மரம் என்று ஜோடித்துவைப்பது பதினெட்டு வருடமாக அவர் வேலை. பெரிய கலைஞர் என்று சொல்லிவிட முடியாது. அவர் செய்த காகித மரங்கள் எல்லாம் ஒரே மரம்தான். ஆனால் ஒன்றைச் சரியாகப் புரிந்துவைத்திருந்தார். தெருவில் போகிறவர் ஒரு கண்ணாடிக்கு நாலு விநாடிதான் தருவார். அதற்குள் அவர் கால் தயங்க வேண்டும்.

ஊரார் கண்ணுக்கு ஆறு அறைகளை ஜோடித்தவருக்கு வீட்டில் ஓர் ஆணி அடிக்க உரிமை இல்லை. வீடு மாமனாருடையது. மாமனார் ஆஸ்பத்திரியில், அறுவை சிகிச்சைக் கருவிகளை ஆவியில் வைத்துக் கிருமி நீக்கும் பிரிவில் முப்பத்தோரு வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டுச் சுவரில் படம் கிடையாது, மேசையில் விரிப்பு கிடையாது, ஜன்னலில் திரை கிடையாது. "தூசிக்கு இடம் குடுத்தா அது குடித்தனம் நடத்த ஆரம்பிச்சிடும்" என்பார். பொம்மை சார் அங்கே வீட்டோடு மாப்பிள்ளையாகக் குடித்தனம் வந்து ஆறு வருடம். கதவுக்குப் பின்னால் ஒரு கொக்கியும் கட்டிலுக்கு அடியில் ஒரு பெட்டியும் அவர் பங்கு.

மழைக்கால உடைகளுக்காகக் கடை முகப்பில் ஒரு கண்ணாடித் தொட்டி வைக்க வேண்டும் என்று மேலாளருக்கு ஒரு யோசனை வந்தது. தொட்டிக்குள் விட ஓர் ஆக்ஸலாட்டிலை வாங்கிவந்தார்கள். பல்லியைப் போல நாலு கால், மீனைப் போல வால், கழுத்தின் இரண்டு பக்கமும் இறகு மாதிரி விரிந்த செவுள்கள், எந்நேரமும் சிரிப்பது போன்ற வாய். வெளிர் ரோஜா நிறம். மூன்று வாரத்தில் மழை உடைகள் விற்றுத் தீர்ந்தன. "யாருக்காவது குடுத்துடுங்க" என்றார் மேலாளர். பொம்மை சார் யாருக்கும் கொடுக்கவில்லை. வாளியை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

மாமனார் வாசலிலேயே வாளிக்குள் எட்டிப் பார்த்தார்.

"இது என்ன, பல்லியா?"

"இல்ல மாமா."

"மீனா?"

"மீனும் இல்ல மாமா."

"என்னன்னே தெரியாத ஒண்ணை வீட்டுக்குள்ள கூட்டிட்டு வந்திருக்கீங்க."

பல் மருத்துவமனையில் வரவேற்பில் வேலை பார்க்கும் மனைவி அப்போதுதான் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். "ஆறு வருஷம் முன்னாடி நான் இவரைக் கூட்டிட்டு வந்தப்பவும் இதேதான் சொன்னீங்கப்பா" என்றாள்.

மாமனார் ஒரு மாதம் தவணை கொடுத்தார். மாதக் கடைசி ஞாயிறு, அலங்கார மீன் கடைக்காரர் வந்து அதை எடுத்துப்போய்விட வேண்டும். அதற்குள் வீடு நாறாமல், அழுக்காகாமல் இருந்தால் அப்போது பார்க்கலாம். கூடவே ஒரு பெயரும் வைத்தார். "வேலை கிடையாது, நேரத்துக்குச் சாப்பாடு, எப்பவும் சிரிச்ச மூஞ்சி. சின்ன மாப்பிள்ளைன்னு கூப்பிடுவோம்." பொம்மை சாரும் சிரித்தார். அவமானத்தைப் புரிந்துகொள்ளாதவர் போலச் சிரிப்பது அவருக்கு ஆறு வருடப் பழக்கம். ஆனால் கூடத்தில் மூன்றடி நீளத்துக்கு ஓரிடம் கிடைத்திருந்தது. அந்த வீட்டில் அவர் கையால் வைத்த முதல் பொருள் அது. அதை விடக் கூடாது என்று முடிவு செய்தார்.

ஒரே மாலையில் தொட்டி காடானது. தரையில் பளபளக்கும் கூழாங்கல், நடுவில் வளைந்த மரக்கட்டை, இரண்டு ஓரமும் செடி, மேலே நீல விளக்கு. எல்லாம் சோபாவைப் பார்த்தபடி இருந்தன. சோபாவிலிருந்து பார்த்தால் கால் நிச்சயம் தயங்கும். சின்ன மாப்பிள்ளை மட்டும் கட்டைக்குப் பின்னால் போய், விளக்குக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டது. அதற்கு இமை கிடையாது என்பது அவருக்கு அப்போது தெரியாது.

"எதுக்கு இவ்வளவு சாமான்?" என்றார் மாமனார். "ஒரு கண்ணாடி, தண்ணி, ஒரு ஃபில்டர். போதாதா?"

"இயற்கையா இருக்கணும் மாமா. அது பிறந்த ஏரியில கல்லு, செடி எல்லாம் இருக்கும்."

"நீங்க போய்ப் பார்த்தீங்களா?"

"இல்ல."

"அது போய்ப் பார்த்துச்சா?"

அதன் பாட்டனுக்குப் பாட்டனே ஏதோ ஒரு கண்ணாடித் தொட்டியில் பிறந்தவனாகத்தான் இருப்பான். காணாத ஏரி ஒருவனுக்கு எந்த அளவுக்குச் சொந்தம் என்பது லேசான கேள்வி இல்லை. மாமனார் அதை மடக்குவதற்காகத்தான் கேட்டார்; கேட்டுவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

பத்தாம் நாள் ஒரு கூழாங்கல் குறைந்தது. ஆக்ஸலாட்டில் கடித்துத் தின்னாது. வாயைத் திறந்து, எதிரில் இருப்பதைத் தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சிக்கொள்ளும். எதிரில் மண்புழுவும் இருந்தது, கல்லும் இருந்தது. பொம்மை சார் பதறிப்போய் மீன் கடைக்காரருக்குப் போன் செய்தார்.

"அண்ணே, சின்ன மாப்பிள்ளை கல்லை முழுங்கிட்டாரு."

"என்ன வயசு அவருக்கு?"

"ஒண்ணரை."

"ஒண்ணரை வயசுல கல்யாணமே முடிச்சிட்டீங்களா?"

விளக்கிச் சொன்ன பிறகு, கல் இல்லாத பெட்டியில் குளிர்ந்த தண்ணீரில் விட்டுவைக்கச் சொன்னார். "சின்னக் கல்லுன்னா தானா வரும். வரலேன்னா கொண்டாங்க. கல்லு போட்டா அது தலையைவிடப் பெரிசா இருக்கணும், இல்லேன்னா மாவு மாதிரி மணலா இருக்கணும். அந்த விளக்கையும் கழட்டுங்க. கண்ணு கூசும் அதுக்கு."

மூன்றாம் நாள் கல் வந்தது. மாமனார் அதை இடுக்கியால் எடுத்து, கழுவி, ஒரு சிறு மருந்துக் குப்பியில் போட்டு, தேதி எழுதி ஒட்டினார். "எதுக்கு மாமா?" என்றதற்கு, "சாட்சி" என்றார்.

அன்றே காடு அழிந்தது. கல், கட்டை, செடி எல்லாம் சாக்கில் கட்டி மாடிப்படிக்குக் கீழே போயின. தொட்டி அறுவை அரங்கு மாதிரி ஆனது. வெறும் கண்ணாடித் தரையில் சின்ன மாப்பிள்ளைக்குக் கால் வழுக்கியது. நாலடி வைத்தால் மூன்றடி சறுக்கியது. கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தையே மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டு மூலையில் நின்றது.

"இப்பத்தான் பார்க்கிற மாதிரி இருக்கு" என்றார் மாமனார். தினமும் தண்ணீர் மாற்றினார். உறைந்த தண்ணீர் பாட்டிலை மிதக்கவிட்டுச் சூட்டைக் குறைத்தார். சிரத்தையில் குறை சொல்ல முடியாது. உலகத்தில் பாதிக் கெடுதல் சிரத்தையானவர்கள் செய்வதுதான்.

அடுத்த வாரம் சின்ன மாப்பிள்ளை சாப்பிடுவதை நிறுத்தியது. செவுள்களின் நுனி முன்பக்கமாகச் சுருண்டது. ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று நாள் இருந்தது. மத்தியானமே கடையில் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்த பொம்மை சார் கூடத்து வாசலில் நின்றுவிட்டார். மாமனார் தொட்டிக்கு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து, இடுக்கியில் ஒரு மண்புழுவைப் பிடித்தபடி கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"ஒரே ஒரு வாய், மாப்பிள்ளை. எனக்காக. ஒரே வாய்."

பொம்மை சாருக்கு அந்த வீட்டில் இதுவரை இப்படி ஒரு சோறு கிடைத்ததில்லை. கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. லேசாகச் செருமினார்.

மாமனார் திரும்பவில்லை. "மாப்பிள்ளை, ஒண்ணு சொல்லணும். ஃபில்டர்ல ஒரு ஸ்பாஞ்சு இருக்கில்ல? ஒரே பழுப்பு. பார்க்கவே சகிக்கல. அதை நான் குக்கர்ல வச்சிட்டேன்."

"குக்கர்லயா?"

"ஆமா."

"எத்தனை விசில்?"

"மூணு." பிறகு இன்னும் மெதுவாக, "ரெண்டு தடவை."

அந்தப் பழுப்புதான் தொட்டியின் உயிர் என்று மீன் கடைக்காரர் சொல்லியிருந்தார். கண்ணுக்குத் தெரியாத சின்ன உயிர்கள் அதில் குடியிருந்து, பிராணியின் கழிவு தண்ணீரில் விஷமாகாமல் பார்த்துக்கொள்ளும். அவற்றை ஒன்று விடாமல் வேகவைத்தாகிவிட்டது. முப்பத்தோரு வருட அனுபவம், தப்புவதற்கு ஒன்றுக்குக்கூட வழி வைக்காது. ஆறு வருடத்தில் முதல் முறையாக மாமனாரை ஒரு வார்த்தையில் சாய்க்கக்கூடிய இடத்தில் பொம்மை சார் நின்றார். வார்த்தை நாக்கு நுனியில் இருந்தது. அந்த நேரம் சின்ன மாப்பிள்ளை ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதந்தது.

"வாளியை எடுங்க மாமா" என்றார்.

குழாய்த் தண்ணீரின் குளோரின் வாடை போக முதல் நாளே பிடித்துவைத்திருந்த தண்ணீரைக் குளிரவைத்து, பாதித் தொட்டியை மாற்றினார்கள். மாமனாரே கிளம்பி மீன் கடைக்குப் போனார். அங்கே அவர் பேசியதைக் கடைக்காரர் இன்றைக்கும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

"ஒரு ஸ்பாஞ்சு வேணும்."

"இந்தாங்க சார், புதுசு."

"புதுசு வேணாம். நல்லா அழுக்கா ஒண்ணு குடுங்க."

"ஓடுற தொட்டியில இருக்கிறதைத்தான் எடுக்கணும். கழுவித் தரட்டுமா?"

"கழுவுனீங்கன்னா நான் வாங்க மாட்டேன்."

மூன்று நாளும் தினம் பாதித் தண்ணீர் மாற்றினார்கள். இடையில் ஒருமுறை குக்கரைத் தேடிய மகளிடம், "அதுல சமைக்காதம்மா, வேற வாங்கிக்கலாம்" என்றார் மாமனார். ஏன் என்று கேட்டவள், காரணம் தெரிந்ததும் அன்றிரவுச் சாப்பாட்டை வெளியில் வாங்கிவரச் சொல்லிவிட்டாள்.

ஞாயிறு காலை செவுள்கள் நிமிர்ந்தன. அரைப் புழு உள்ளே போனது. மாமனார் சலித்தெடுத்த மென்மணலை ஒரு விரல் கனத்துக்குப் பரப்பினார். பிளம்பரிடம் கேட்டு வாங்கிய அகலமான குழாய்த் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து, "இது போதுமா பாருங்க" என்று மருமகனிடம் நீட்டினார். பொம்மை சார் அதன் வாயைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார். சின்ன மாப்பிள்ளை மணலில் நாலு காலையும் ஊன்றி, ஒரு சறுக்கல் இல்லாமல் நடந்து உள்ளே போனது.

பதினோரு மணிக்கு மீன் கடைக்காரர் மூடி போட்ட வாளியோடு வந்து நின்றார். பொம்மை சார் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கினார். வீடு அவருடையது இல்லை.

"எடுத்துக்கட்டுமா சார்?"

மாமனார் சோபாவில் உட்கார்ந்து தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். "மாப்பிள்ளை, இங்கேருந்து குழாயோட முதுகுதான் தெரியுது. கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பினா என்ன?"

"வேணாம் மாமா. திருப்பினா நமக்குத்தான் நல்லா இருக்கும்."

மாமனார் யோசித்தார்.

"சார், எடுத்துக்கட்டுமா?" என்றார் கடைக்காரர் மறுபடியும்.

"முதல்ல அந்த வாளியை வெளிய வைங்க" என்றார் மாமனார். "தரையெல்லாம் ஈரமாகுது. வச்சிட்டு வந்து உட்காருங்க, அது எப்ப வெளிய வரும்னு பார்க்கலாம்."