கடைசி வரிசை மூன்று இருக்கைகள்

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால் புதிதாக எழுந்த தெருவில் 'ஏர் ஹோஸ்டஸ் வீடு' என்றால் யாரும் வழி காட்டுவார்கள். மணிமொழி விமான வேலையில் சேர்ந்து இருபது வருஷமாகப் போகிறது. ஒரு விமானத்தில் போகும் பணிப்பெண்கள் அத்தனை பேருக்கும் அவள்தான் பொறுப்பு. தெருவுக்கு அதெல்லாம் தெரியாது, அவளும் சொல்லிக்கொண்டதில்லை.

அவள் கம்பெனி பழைய பெரிய விமானங்களைக் கழித்துக்கட்ட முடிவு செய்தது. எண்ணெய் குடிக்கிறது, பாதி நாள் நிரம்புவதுமில்லை. அதற்குப் பதில் நடுவே ஒரே நடைபாதை உள்ள சின்ன ஜெட்டுகள் வரப்போகின்றன. உருவம்தான் சின்னது, பத்து மணி நேரம் எங்கேயும் இறங்காமல் பறக்கும். சென்னையிலிருந்து நேராக பாரிஸ், நேராக டோக்கியோ.

செய்தி வந்ததும் துள்ளிக் குதித்தவன் அவள் தம்பி மணிவேல். அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டி ரூம்கள் கட்டி வெள்ளைக்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிறவன். பிரான்சிலிருந்து வருகிறவர்கள் நடுவில் துபாயில் காத்துக் கிடந்து, முகம் வீங்கி வந்து சேருவதைப் பார்த்துப் பார்த்து அலுத்தவன். நேர் விமானம் வந்தால் கூட்டம் ஜாஸ்தியாகும் என்று மாடியிலும் ரூம் எழுப்பத் தொடங்கிவிட்டான்.

ஜெட்டின் உள்ளமைப்பைப் பார்த்துக் கருத்துச் சொல்ல ஊழியர்களில் சிலரைச் சென்னைக்குக் கூப்பிட்டார்கள். மணிமொழியும் போனாள். ஒரு பெரிய ஷெட்டுக்குள் விமானத்தின் பின்பகுதியை மாதிரிக்குச் செய்து நிறுத்தியிருந்தார்கள். திட்டத்தைக் கவனித்துக்கொண்ட அதிகாரி பாலாஜி ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே வந்தார்.

"நாங்க படுக்கிற இடம் எங்க சார்?" என்றாள் மணிமொழி.

பாலாஜி கடைசி வரிசையைக் காட்டினார். மூன்று இருக்கைகள், முன்னால் ஒரு திரை. முதுகுக்குப் பின்னாலேயே கழிப்பறைச் சுவர்.

பெரிய விமானங்களில் பணியாளர்கள் முறை வைத்துப் படுக்கத் தனி அறையே உண்டு. காலை நீட்டலாம். மணிமொழி ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்து சாய்ந்து பார்த்தாள். பாதியிலேயே பின்சுவர் இடித்தது.

"இதுல எப்படி சார் தூங்குறது?"

"தனி இடம் விட்டா ரெண்டு வரிசை சீட் போயிடும் மேடம். சாயுற சீட் இருந்தாலே சட்டப்படி சரிதான்."

"சட்டம் சொல்றது கம்மியில கம்மி சார். அதுக்கு மேல குடுக்காதீங்கன்னு சட்டம் சொல்லல."

கூட வந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். அவள் விடவில்லை.

"போன வருஷம் லண்டன் விமானத்துல ஒருத்தருக்கு நெஞ்சு நின்னுபோச்சு. கடலூர்க்காரர். இறங்குற வரைக்கும் மாத்தி மாத்தி நெஞ்சை அமுக்கினோம், பிழைச்சிட்டார். அப்பதான் நான் தூங்கி எழுந்து வந்திருந்தேன். தூங்காத கையா இருந்திருந்தா அவர் இன்னிக்கு இல்ல."

பாலாஜி இந்த அமைப்பு சரி என்கிற ஒப்புதல் தாளை நீட்டினார். மற்றவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். அவளோடு பலமுறை பறந்த ரேவதியும் அவள் முகத்தைப் பார்க்காமல் போட்டாள். மணிமொழி பேனாவைத் தொடவில்லை.

அந்த மாசத்திலிருந்து அவளுக்குப் பறக்கும் வேலை வரவில்லை. கூப்பிடும்போது வந்தால் போதும் என்றார்கள், கூப்பிடவேயில்லை. காய்கறிக் கடையில் "வேலையை வுட்டுட்டியாம்மா?" என்று கேட்டார்கள். "நான் விடல, அவங்களும் இன்னும் விடல" என்று சொல்லிவிட்டுக் கத்திரிக்காயைப் பொறுக்கினாள்.

மணிவேல் வண்டியை நிறுத்தியதும் நிறுத்தாததுமாகச் சத்தம் போட்டுக்கொண்டே உள்ளே வந்தான்.

"இன்னாக்கா இது? ஊரே அந்த ஃப்ளைட்டுக்குக் காத்துனு இருக்குது. நீ போய் குறுக்கே நிக்கிறியாம்?"

"ஃப்ளைட்டு வேணாம்னு நான் எப்படா சொன்னேன்? உன் ரூம்ல வந்து தூங்கப்போறவங்களை பத்திரமா கூட்டிட்டு வர்றவ தூங்க வேணாமா?"

"ஒரு சீட்டுக்காக வேலையைத் தொலைச்சிக்குவியா?"

"தொலைஞ்சா தொலையட்டும். நீ மாடியைக் கட்டு, போ."

காப்பிகூடக் குடிக்காமல் போய்விட்டான். அவன் வீட்டில் நடந்த பிறந்தநாள் விசேஷத்துக்கும் அவளைக் கூப்பிடவில்லை. அது அவளுக்கு வலித்தது. ஆனாலும் ஒரு அங்குலம் நகரவில்லை.

பிறகு ஒரு நாள் காலை பாலாஜியே வீடு தேடி வந்தார். கோயிலுக்கு வந்ததாகச் சொன்னார், நெற்றியில் திருநீறு இருந்தது. இட்லி சாப்பிட்டுவிட்டு மெதுவாக ஆரம்பித்தார்.

"புது ஜெட்டுக்கு ஆளுங்களைத் தயார் பண்ற பொறுப்பை உங்களுக்கே குடுக்கலாம்னு பேச்சு. நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா மத்தவங்களும் நம்பி வருவாங்க."

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. புது ஜெட்டுக்குப் போதுமான ஆள் பேர் கொடுக்கவில்லை!

"பதவி உங்ககிட்டயே இருக்கட்டும் சார். படுக்க இடம் குடுங்க, நானே எல்லாரையும் கூட்டிட்டு வர்றேன். இன்னும் ரெண்டு இட்லி வைக்கட்டுமா?"

அவர் வேண்டாம் என்று எழுந்துகொண்டார். கார் தெருமுனை திரும்பியதும் மணிமொழி போனை எடுத்தாள். புது ஜெட்டுக்குப் போவது அவரவர் விருப்பம், விரும்புகிறவர்கள் பேர் கொடுக்கலாம் என்றிருந்தது. கூடப் பறந்த ஒவ்வொருத்தியிடமும் ஒரே விஷயத்தைச் சொன்னாள்: "படுக்க இடம் வர்ற வரைக்கும் பேர் குடுக்காதீங்க." சிலர் பயந்து போனை வைத்தார்கள். ரேவதி அழுதாள், மறுநாளே தன் பேரைத் திரும்ப வாங்கினாள். அதைப் பார்த்து இன்னும் பலர் வாங்கினார்கள்.

முதலில் வந்த ஜெட்டுகளில் அந்த மூன்று இருக்கைகள்தான் இருந்தன. நீண்ட தூரம் போக ஆள் சேரவில்லை. கம்பெனி அவற்றை சிங்கப்பூருக்கும் மஸ்கட்டுக்கும் ஓட்டியது. பாரிஸ் விமானம் ஏழெட்டு மாசம் தள்ளிப்போனது, அந்த மாசங்களில் மணிவேலின் மாடி ரூம்கள் காலியாகக் கிடந்தன. அடுத்து வந்த ஜெட்டுகளில் பின்னால் இரண்டு வரிசையை எடுத்துவிட்டு, கதவு வைத்து, கால் நீட்டிப் படுக்க இடம் செய்திருந்தார்கள். மணிமொழி கேட்டதால் செய்தோம் என்று யாரும் சொல்லவில்லை.

அவளுக்குப் பறக்கும் வேலை திரும்ப வந்தது, டெல்லிக்கும் கௌஹாத்திக்கும் மட்டும். இப்போது பாரிஸ்காரர்கள் அடி அண்ணாமலைக்கு நேராக வருகிறார்கள். மணிவேல் மறுபடி பேசுகிறான், அவள் கேட்டது நியாயம் என்று மட்டும் சொல்லவில்லை. அவள் எதிர்பார்க்கவுமில்லை.

பாரிஸ் விமானத்துக்கு அவளே இரண்டு தரம் விண்ணப்பித்தாள். இரண்டு தரமும் இல்லை என்றார்கள். போன வாரம் மூன்றாவது தரமும் போட்டிருக்கிறாள்.

"அவங்க குடுக்கப் போறதில்லைனு தெரியுதில்ல, ஏன்கா மறுபடி?" என்று ரேவதி கேட்டாள்.

"இல்லைங்கிறதை அவங்க வாயால ஒவ்வொரு தடவையும் சொல்லட்டும். நானா ஒதுங்கிட்டேன்னு ஒருத்தரும் சொல்லிடக் கூடாது."