மலைக்கு முதுகு காட்டும் இரண்டு வண்டிகள்

இல்லை, அருவிக்காகப் போகவில்லை. ஆடி மாதத்தில் குற்றாலம் போய் வந்தேன் என்றால் எல்லோரும் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறார்கள். குளித்தேன். அதையும் சொல்கிறேன். ஆனால் நான் பார்க்கப் போனது தென்காசி ரயில் நிலையம்.

காரணத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பெண் ஏன் ஒரு நாள் முழுதும் பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்தாள் என்பது விளங்காது.

எங்கள் வீடு தென்காசிக்குப் பக்கத்தில் இலஞ்சியில் இருந்தது. எனக்குப் பத்து வயதாயிருந்தபோது அப்பா பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் கிடந்தார். உடன் அத்தை, அவருடைய அக்கா. ஒரு சாயங்காலம் தந்தி வந்தது: உடனே வரவும். மறுநாள் காலை அம்மா தனியாகப் புறப்பட்டாள். கையில் ஒரு பித்தளைச் சொம்பு, அதில் குற்றாலத்து அருவித் தண்ணீர், வாய் துணியால் கட்டியிருந்தது. அப்பா கேட்டிருந்தார். அன்று மதியம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டியவள், அடுத்த நாள் முற்பகலில்தான் போனாள். அப்பா முந்தின இரவு ஒன்பது மணிக்கு இறந்துவிட்டார். அந்தத் தண்ணீரைச் சேர்த்துத்தான் அவரைக் குளிப்பாட்டினார்கள்.

வண்டி மாறி ஏறிவிட்டேன் என்றாள் அம்மா. அத்தை நம்பவில்லை. மாறி ஏறியதாகச் சொன்ன வண்டி சங்கரன்கோவில் வழியாகப் போவது. சங்கரன்கோவில் அம்மாவின் பிறந்த ஊர். புருஷன் சாகக் கிடந்த இரவில் பிறந்த வீட்டில் தூங்கியவள் என்ற பெயர் அன்று விழுந்தது. அவள் வரவே இல்லை என்றார்கள் அந்த வீட்டார். வேறு எப்படிச் சொல்வார்கள் என்றாள் அத்தை. அப்படியானால் அந்த இரவு எங்கே இருந்தாய்? இதற்கு மட்டும் அம்மா யாருக்கும் பதில் சொன்னதில்லை. எனக்கும்.

காரியம் முடிந்ததும் அம்மா சங்கரன்கோவிலுக்குப் போய்விட்டாள். என்னை அத்தை திருநெல்வேலியில் வளர்த்தாள், சென்னைக்கு அனுப்பிப் படிக்க வைத்தாள். பதினோரு ஆண்டுகளாக அப்பாவின் திதி அத்தை வீட்டில் நடக்கிறது. அம்மாவுக்கு அழைப்பு இல்லை. நான் எந்தப் பக்கமும் சேராமல் இருந்துவிட்டேன். படித்தவர்களுக்கு அது ஒரு வசதி. இந்த வருஷம் திதிக்கு ஐந்து நாள் இருக்கும்போது அந்த வசதி போதாமல் போயிற்று. அம்மா வண்டி மாறி ஏறிய இடத்தை நேரில் பார்த்துவிடுவது என்று புறப்பட்டேன்.

திருநெல்வேலியில் காலை 6.20க்கு வண்டி. மூன்றாம் வகுப்பு பதினான்கு அணா. பெண்கள் பெட்டியில் கூட்டமில்லை. பாவூர்சத்திரம் தாண்டியதும் மலை முழுதாகத் தெரிகிறது. உச்சியில் மேகம். அதற்கு முன்பே காற்று மாறிவிடுகிறது. 9.25க்குத் தென்காசி.

நிலையத்துக்கு வெளியே குதிரைவண்டிகள். குற்றாலத்துக்கு மூன்றரை மைல், ஆறணா. வண்டிக்காரர் கடையநல்லூர்க்காரர், மீரான் என்று பெயர். துணைக்கு யாராவது பின்னால் வருகிறார்களா என்று இரண்டு தரம் எட்டிப் பார்த்தார்.

"தனியாவா வந்திய?"

"ஆமாம்."

"சரி. குதிரையும் தனியாத்தான் வருது" என்றார். வழியெல்லாம் வேறு ஒன்றும் கேட்கவில்லை.

பெரிய அருவியில் பெண்கள் பக்கத்தில் குளித்தேன். தலையில் விழும்போது ஒன்றும் நினைக்க முடிவதில்லை. அதற்காகவே இவ்வளவு பேர் இவ்வளவு தூரம் வருகிறார்கள் என்று தோன்றியது. வெளியே வந்ததும் நினைப்பு திரும்பிவிட்டது. சத்திரத்தில் ஓர் அறை, நாளைக்கு எட்டணா. பாய் ஈரமாகவே இருக்கும். சாரல் காலத்தில் எல்லாமே அப்படித்தான்.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு நிலையத்துக்கு வந்துவிட்டேன்.

முதலில் இங்கே ஒரே பாதைதான். கிழக்கே திருநெல்வேலி. மேற்கே செங்கோட்டை, மலைக்குள் புகுந்து கொல்லம். ஓட்டுக் கட்டடம், ஒரு பிளாட்பாரம், கிணறு, என்ஜினுக்குத் தண்ணீர்த் தொட்டி. அந்த நாளில் இங்கே வண்டி ஏறுவதற்கு எழுத்துத் தெரிய வேண்டியதில்லை, யாரையும் கேட்கவும் வேண்டியதில்லை. மலையைப் பார்த்து நிற்கும் வண்டி கொல்லம் போகும். மலைக்கு முதுகு காட்டி நிற்கும் வண்டி திருநெல்வேலி போகும். பாதை போட்ட நாள் முதல் சுற்று வட்டாரம் முழுதும் இந்த ஒரு கணக்கில்தான் பயணம் செய்தது.

பிறகு விருதுநகரிலிருந்து கடையநல்லூர் வழியாகக் கிளைப் பாதை வந்து சேர்ந்தது. தென்காசி, தென்காசி ஜங்ஷன் ஆயிற்று. பெயர்ப் பலகையில் இரண்டாவது சொல்லின் கறுப்பு முதல் சொல்லின் கறுப்பைவிடச் சற்றுப் புதிதாக இருக்கிறது. இன்னொரு பிளாட்பாரம் வந்தது. பக்கத்துத் தண்டவாளங்கள் வந்தன. பெண்கள் காத்திருக்கும் அறை இன்னும் பின்னால் வந்தது என்று சொன்னார்கள்.

புதுக் கிளையும் கிழக்குப் பக்கமாகவே நிலையத்துக்குள் வருகிறது. கொஞ்ச தூரம் போனபின்தான் வடக்கே திரும்புகிறது. ஆகவே இப்போது மலைக்கு முதுகு காட்டுகிற வண்டிகள் இரண்டு. ஊரில் யாரும் மலையைத் திருப்பி வைக்கவில்லை. பழைய கணக்கு பழையபடியே இருந்தது. அது மட்டும் பொய்யாகிவிட்டது.

10.40 விருதுநகர் வண்டி நின்றது. காக்கிச் சட்டை போட்ட போர்ட்டர் ஒருவர் மணியடித்து ஊர்ப் பெயர்களைச் சொன்னார். அதோடு விடவில்லை. பெட்டி பெட்டியாகத் தலையை நுழைத்து ஒவ்வொருவரையும் கேட்டுக்கொண்டு வந்தார். ஐம்பது வயது இருக்கும். சுடலை என்று பெயர்.

"எங்க போறிய?"

"கலியாணத்துக்கு" என்றார் உள்ளே இருந்த ஒரு பெரியவர். தட்டும் தாம்பாளமுமாக ஏழெட்டுப் பேர்.

"கலியாணம் எந்த ஊருலன்னு கேக்கேன்."

"பாவூர்சத்திரம்."

"அப்பம் எறங்கும். இது கடையநல்லூரு வண்டி. பொண்ணு அங்கன ஒக்காந்திருக்கும், நீரு சங்கரன்கோவிலுல தாம்பாளத்தோட நிப்பீரு."

பெரியவர் ஜன்னல் வழியாக மேற்கே பார்த்தார். "மலைக்கு முதுகு காட்டித்தான நிக்குது?"

"ரெண்டும் முதுகத்தான் காட்டுது மாமா. எறங்கும் எறங்கும்."

இறங்கினார்கள். எனக்குப் பக்கத்தில் மங்குஸ்தான் பழக் கூடையோடு உட்கார்ந்திருந்த பழக்காரி சிரித்தாள். பேச்சியம்மாள் என்று பெயர். என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும்.

"இந்தாளுக்குப் பதில் சொல்லாம எமனாலகூட இங்கன வண்டி ஏற முடியாது தாயி."

சுடலை திரும்பிப் பார்த்தார். "ஏட்டி, எமனுக்கு ஊரு தெரியும். அவன் மாறி ஏற மாட்டான்."

திருநெல்வேலி வண்டி 11.05க்குப் போயிற்று. பிளாட்பாரம் காலியானது. அவரிடம் கேட்டேன்: இப்படி ஒவ்வொருவரையும் விசாரிக்க வேண்டும் என்று உத்தரவா?

"மணி அடிக்கணும், பேரச் சொல்லணும். உத்தரவு அம்புட்டுத்தான். மத்தது நானா வச்சுக்கிட்டது."

"எங்க அவனா வச்சுக்கிட்டான்? ஒரு பொம்பள வச்சுட்டுப் போனா" என்றாள் பேச்சி.

சுடலை துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்.

"கிளை வந்து ரெண்டாவது ஆடி. அஞ்சு மணி இருக்கும். தண்டவாளத்தோட ஒரு அம்மா நடந்து வருதா. கையில சொம்பு. கடையநல்லூருல எறங்கி நடந்திருக்கா. பத்து மைலு. செருப்பு கெடையாது. ஜல்லியில காலு ரெண்டும் கிழிஞ்சு கெடக்கு. நாலு மணி வண்டி போயிட்டான்னு கேட்டா. போயிட்டுன்னேன். ஒக்காந்துட்டா."

நாலு மணி வண்டி இப்போதும் 4.10க்குத்தான். திருநெல்வேலிக்கு ஏழேகால். ஒன்பது மணிக்குள் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம். கடையநல்லூரிலிருந்து திரும்பி வர மாலை ஏழுக்குத்தான் வண்டி. அதற்காகக் காத்திருந்தால் 4.10ஐப் பிடிக்க முடியாது. நடந்தால் ஒருவேளை முடியும். அம்மா இந்தக் கணக்கைப் போட்டிருக்கிறாள். ஐம்பது நிமிஷம் பிந்திவிட்டது.

"யாரையாவது கேட்டு ஏறியிருக்கலாமே" என்றேன். என் குரல் அத்தையின் குரல் போல இருந்தது.

"நானும் அதத்தான் கேட்டேன். ஆம்பளையாள்ட்ட பேசிப் பழக்கமில்லன்னா. இலஞ்சியில பெரிய வீட்டு மருமக. மாட்டுவண்டிக்காரன், மலைக்கு முதுகு காட்டுத வண்டியில ஏறுங்கன்னு சொல்லி விட்டுட்டுப் போயிட்டான். காலையில அவ முன்னாலதான் தாயி நான் மணி அடிச்சேன். பேரெல்லாம் கத்துனேன். எல்லாருக்கும் பொதுவா கத்துனா யாருக்கும் சொன்ன மாதிரி இல்ல. நேர நின்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா..." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "கேக்கப் பழகாதவங்கள நாமதான் கேக்கணும்."

விளக்குகளைத் துடைக்க வேண்டும் என்று எழுந்து போனார்.

இரவு எங்கே இருந்தாள் என்று பேச்சியிடம் கேட்டேன்.

"இங்கனதான். எங்கம்மை அப்பம் இதே இடத்துல யாவாரம். ரெண்டு பேருமா அவகூட இருந்தோம். சொம்பக் கீழ வைக்க மாட்டேன்னுட்டா. அவுக குடிக்கணும், தரையில வைக்கப்படாதுன்னா. விடிய விடிய மடியிலேயே வச்சிருந்தா."

"அழுதாளா?"

"இல்ல. காலையில வண்டி ஏறும்போது ஒண்ணு சொன்னா. நான் இங்கன கெடந்தத யார்ட்டயும் சொல்லிராதிய, ரயிலடியில ராத்தங்குனவளுக்கு வேற பேரு வச்சிருவாகன்னா." பேச்சி கூடையின் மேல் ஈரத் துணியைச் சரிசெய்தாள். "பேரு சொல்லலல்லா நான். சொன்னாத்தான தப்பு."

நான் யார் என்று சொல்லவில்லை. இரண்டு அணாவுக்கு மங்குஸ்தான் வாங்கினேன். பெண்கள் அறையில் போய் உட்கார்ந்தேன். சுத்தமான அறை. ஒரு பெஞ்சு, ஒரு கண்ணாடி, உள்தாழ்ப்பாள்.

மூன்றாம் நாள் 10.40இல் ஏறினேன். சுடலை கேட்டார். சங்கரன்கோவில் என்றேன். ஒன்பது அணா டிக்கெட். வண்டி புறப்பட்டு முதலில் கிழக்கேதான் போகிறது. மலை பின்னால் விலகுகிறது. ஒருவர் நிம்மதியாக உட்காரப் போதுமான நேரம். பிறகு வளைகிறது. திருநெல்வேலி வண்டியில் மலை சிறிதாகிக்கொண்டே போக வேண்டும். இங்கே சிறிதாகவில்லை. இடப்பக்க ஜன்னலுக்கு வந்து, கூடவே ஓடிவந்தது. அம்மா எந்த இடத்தில் கண்டுகொண்டிருப்பாள் என்று எனக்குத் தெரிந்தது. அந்த இடத்திலிருந்து கடையநல்லூர்வரை இருபது நிமிஷம். பெட்டியில் கேட்க ஆள் இருந்திருக்கும். வண்டி ஓடத் தொடங்கிய பின் கேட்டும் பயனில்லை.

நான் வீட்டுக்குள் போனபோது அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவள் பாதங்களைப் பார்த்தேன். தழும்பு ஒன்றும் தெரியவில்லை.

"தென்காசி ரயிலடியில் பேச்சியைப் பார்த்தேன்" என்றேன்.

முறத்தைக் கீழே வைத்தாள். "அவ அம்மை இருக்காளா?"

"தெரியவில்லை. கூடை இப்போது பேச்சியிடம்."

"காலுல சுத்திக்கத் துணி கிழிச்சுக் குடுத்தா" என்றாள். பிறகு, "பொறந்த வீட்டுல தங்குனேன்னு நெனச்சா எம்மேல கோவம், அதோட போகும். ரயிலடியில கெடந்தேன்னு தெரிஞ்சா ஒன்னைய யாரு வளப்பா, யாரு படிக்க வைப்பா?"

பதினோரு ஆண்டுகள் நான் எந்தப் பக்கமும் சேராமல் இருந்தது அம்மா வாய் திறக்காததன் மேல் நின்றுகொண்டுதான்.

இதை எழுதலாமா என்று கேட்டேன்.

"இனிம என்ன. ஒங்கிட்ட படிப்பு இருக்கு. ஊருப் பேர எழுது. எம்பேர எழுதாத."

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். சாரல் ஆனி நடுவிலிருந்து ஆவணி முதல் வாரம்வரை நம்பலாம். திருநெல்வேலியிலிருந்து காலை வண்டியே நல்லது. மாலை வண்டியில் போனால் குதிரைவண்டிக்காரர்கள் எட்டணா கேட்பார்கள். சத்திரத்துக்குப் பாய் கொண்டுபோங்கள். தனியாக வரும் பெண்கள் பெண்கள் அறையைக் கேட்டுத் திறக்கச் சொல்லலாம், திறப்பார்கள். திரும்பும்போது 10.40, 11.05 இரண்டும் அடுத்தடுத்து நிற்கும். மலையை வைத்து முடிவு செய்யாதீர்கள். போர்ட்டர் வந்து கேட்டால் சிரிக்காமல் பதில் சொல்லுங்கள். அவர் கேட்காமல் தாண்டிப்போனால் நீங்கள் கேளுங்கள். கேட்பதில் ஒரு குறைவும் இல்லை. இதை ஒரு வண்டியின் விஷயமாக மட்டும் நான் சொல்லவில்லை என்பது படிப்பவர்களுக்குத் தெரியும்.

திதிக்கு முந்தின நாள் சங்கரன்கோவிலில் திருநெல்வேலிக்கு இரண்டு டிக்கெட் எடுத்து, ஒன்றை அம்மாவின் கையில் கொடுத்தேன்.